கிரெடிட் ஸ்கோர் இல்லாமல் அமெரிக்காவில் வாடகை வீடு: ஆறு வழிகள், எது யாருக்கு?

ஊரில் 780 சிபில் ஸ்கோர் வைத்திருந்த ஒருவர், டல்லாஸில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் அப்பார்ட்மென்ட்டுக்கு விண்ணப்பம் போடுகிறார். கையில் ஆஃபர் லெட்டர் இருக்கிறது, கணக்கில் ஐயாயிரம் டாலர் இருக்கிறது. மறுநாள் லீசிங் ஆபீஸிலிருந்து பதில் வருகிறது: "கிரெடிட் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. கோசைனர் கொண்டுவாருங்கள், அல்லது கூடுதல் டெபாசிட் கட்டுங்கள்." கோசைனர் என்றால் உங்கள் வாடகைக்குத் தானும் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுபவர். இன்னொரு ஊரில் இன்னொருவருக்குக் கூடுதல் டெபாசிட் சட்டப்படியே மூடியிருக்கும், கோசைனரும் கிடைத்திருக்க மாட்டார், கேரண்டி நிறுவனம் ஒன்றின் இணைப்பை மட்டும் அனுப்பியிருப்பார்கள். எதைப் பிடிப்பது என்று முடிவெடுக்க இரண்டு நாள்தான் இருக்கும், ஹோட்டல் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரண்டு நாளுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

வீட்டுக்காரர் கேட்பது உண்மையில் ஒரே கேள்வி: நீங்கள் வாடகை கட்டாமல் நின்றால் யார் கட்டுவார்? ஸ்கோர் அதற்கு ஒரு பதில். அது இல்லாதவர் வேறு பதில் தர வேண்டும். திரும்பி வரும் பணத்தால் பதில் சொல்கிறீர்களா, திரும்பாத பணத்தால் சொல்கிறீர்களா, இன்னொருவரின் தலையில் பாரத்தை ஏற்றிச் சொல்கிறீர்களா என்பதில்தான் இந்த வழிகள் வேறுபடுகின்றன.

## முதலில்: ஸ்கோர் இல்லாததும் ஸ்கோர் கெட்டதும் ஒன்றல்ல

அமெரிக்காவில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் உங்கள் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கின்றன. அந்தத் தரவை வைத்து 300 முதல் 850 வரை மதிப்பெண் போடுவது ஃபைகோ, வான்டேஜ்ஸ்கோர் போன்ற கணக்கு முறைகள். சிபில் கோப்பு தானாக இங்கே வந்து சேராது. இங்கே நீங்கள் வெற்றுத் தாள்.

ஃபைகோ ஸ்கோர் உருவாக, குறைந்தது ஒரு கணக்காவது திறந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். வான்டேஜ்ஸ்கோர் ஒரு மாதப் பதிவிலேயே மதிப்பெண் காட்டிவிடும். இந்த வித்தியாசத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கைபேசிச் செயலியில் 690 என்று பார்த்துவிட்டு நம்பிக்கையோடு விண்ணப்பிப்பார்கள்; லீசிங் ஆபீஸ் பார்ப்பது ஃபைகோ என்றால் அங்கே "ஸ்கோர் இல்லை" என்று வரும். வாடகைக்கென்றே தனியாக மதிப்பெண் போடும் முறைகளும் உண்டு. டிரான்ஸ்யூனியனின் ரெசிடென்ட்ஸ்கோர் 350 முதல் 850 வரை போகும். எனவே, "உங்கள் தேர்வு முறையில் எந்த ஸ்கோர் பார்க்கிறீர்கள், ஸ்கோர் இல்லாதவருக்கு உங்கள் விதி என்ன?" என்று விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கட்டியபின் கேட்டால் பணம் திரும்பாது.

ஸ்கோர் கெட்டுப்போனவரின் நிலைமை வேறு. தாமதமாகக் கட்டிய தவணைகளும் கலெக்‌ஷனுக்குப் (கடன் வசூல் நிறுவனத்திடம்) போன பாக்கியும் பொதுவாக ஏழு ஆண்டு பதிவில் நிற்கும். அதிலும் முந்தைய அப்பார்ட்மென்ட்டுக்குக் கட்டாமல் விட்ட பாக்கிதான் வீட்டுக்காரர் கண்ணில் முதலில் படும். கிரெடிட் கார்டில் ஒரு மாதம் தவறியதை மன்னிப்பவர்கூட இதை மன்னிக்க மாட்டார். திடீரென ஊருக்குத் திரும்பியவர்கள் விட்டுப்போன எழுபது டாலர் மின்கட்டணம், இரண்டு வருடம் கழித்து மறுபடி வரும்போது கலெக்‌ஷன் பதிவாக எதிரே நிற்பது நம்மவர்களிடையே அடிக்கடி நடப்பது. இப்படிப்பட்ட பாக்கி இருந்தால் கீழே உள்ள எந்த வழிக்கும் முன்னால் அதைக் கட்டி, "பாக்கி இல்லை" என்ற கடிதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும்.

1. போகும் பணம்: திரும்பி வரவே வராதது எவ்வளவு?
2. முடங்கும் பணம்: கடைசியில் திரும்பும், ஆனால் அதுவரை தொட முடியாதது எவ்வளவு?
3. யார் தலையில் ஏறுகிறது: தவறு நடந்தால் உங்களோடு நிற்குமா, நண்பர் வரை போகுமா?
4. சாவி கிடைக்கும் வேகம்.
5. அந்த மாநிலத்தில் சட்டப்படி முடியுமா: இதை விட்டுவிட்டு ஒப்பிடுவதில் பயனே இல்லை.

ஐந்தாவதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதுவே சில வழிகளை அடைத்துவிடும். நியூயார்க்கில் 2019 சட்டத்துக்குப் பிறகு டெபாசிட்டோ முன்பணமோ ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. மாசசூசெட்ஸில் முதல் மாதம், கடைசி மாதம், ஒரு மாத டெபாசிட், பூட்டு மாற்றும் செலவு ஆகியவற்றோடு சரி. நியூஜெர்சியில் டெபாசிட் ஒன்றரை மாதம் வரை. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு மாதம்தான். ஓரிரு சொத்து மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர் இரண்டு மாதம் வாங்கலாம். டெக்சாஸில் மாநில உச்சவரம்பு கிடையாது.

இதன் விளைவு நேரடியானது. டெக்சாஸில் பணத்தை வைத்துப் பிரச்சினையைத் தீர்க்கலாம். நியூயார்க்கில் பையில் எவ்வளவு இருந்தாலும் அதை முன்னால் வைக்க முடியாது. உங்களுக்குப் பதில் நிற்க யாராவது வேண்டும். கேரண்டி நிறுவனங்களின் பெயர் நியூயார்க்கில் அவ்வளவு அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## ஒரே பார்வையில்

மாத வாடகை 2,000 டாலர், லீஸ் 12 மாதம் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. முதல் மாத வாடகையும் வழக்கமான ஒரு மாத டெபாசிட்டும் எல்லோருக்கும் பொது என்பதால் சேர்க்கவில்லை.

| வழி | போகும் பணம் | முடங்கும் பணம் | பாரம் யாருக்கு | வேகம் |
|---|---|---|---|---|
| கூடுதல் டெபாசிட் (இன்னொரு மாதம்) | 4% வட்டி இழப்பு என்றால் சுமார் 80 டாலர் | 2,000 | உங்களுக்கு மட்டும் | ஓரிரு நாள் |
| கோசைனர் | ஏறக்குறைய இல்லை | இல்லை | கையெழுத்திட்டவருக்கு முழுதும் | சில நாள் |
| கேரண்டி நிறுவனம் | ஒரு மாத வாடகையை ஒட்டி | இல்லை | கடைசியில் உங்களுக்கே | ஓரிரு நாள் |
| ரூம்மேட்டாகச் சேர்வது | குறைவு. வாடகையும் பாதி | பாதி டெபாசிட் | எல்லோருக்கும் முழுதும் | உடனே |
| தனி உரிமையாளர் | குறைவு | சட்டம் விடும் அளவு | உங்களுக்கு | தேடலைப் பொறுத்தது |
| தற்காலிகத் தங்கல், ஸ்கோர் கட்டுதல் | மாதாமாதம் கூடுதல் வாடகை | 200 டாலர் அளவு | உங்களுக்கு | ஆறு மாதத்துக்கு மேல் |

## கூடுதல் டெபாசிட்

சட்டம் அனுமதிக்கும் இடத்தில், கையில் பணம் இருந்தால், இதுதான் மலிவான வழி. இரண்டாயிரம் டாலரைத் தூக்கிக் கொடுப்பது கையைச் சுடும்; ஆனாலும் அது உங்கள் பணம். நான்கு சதவீத வட்டி கிடைக்கும் சேமிப்புக் கணக்கில் அது வருடம் முழுதும் கிடந்திருந்தால் வந்திருக்கும் வட்டி எண்பது டாலர். அதுதான் உண்மைச் செலவு. அதே சிக்கலுக்குக் கேரண்டி நிறுவனத்துக்குப் போனால் ஆயிரக்கணக்கில் போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு, காலி செய்யும் நாளில் வரும். கார்ப்பெட் கறை, சுவரில் ஆணித் துளை, அடுப்புச் சுத்தம் என்று பிடித்தம் போட ஆரம்பித்தால், கையில் இரண்டு மாத டெபாசிட் வைத்திருப்பவருக்குப் பிடிக்க இடம் அதிகம். இதற்கு மருந்து குடியேறும் நாளிலேயே இருக்கிறது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். அடுப்பின் உள்பக்கம், ஃபிரிட்ஜ் தட்டுகள், சிங்குக்கு அடியில், ஜன்னல் விளிம்பு, கார்ப்பெட்டின் மூலைகள் எதையும் விடாதீர்கள். லீசிங் ஆபீஸ் கொடுக்கும் வீட்டு நிலைப் படிவத்தை நிரப்பி, அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சலில் தேதி தானாகவே பதிவாகிவிடும்.

திரும்பக் கொடுக்க வேண்டிய கெடு: நியூயார்க்கில் 14 நாள், கலிஃபோர்னியாவில் 21 நாள், டெக்சாஸ், நியூஜெர்சி, மாசசூசெட்ஸில் 30 நாள். டெக்சாஸில் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் புது முகவரியை எழுத்தில் கொடுக்கும்வரை டெபாசிட்டைத் திருப்பும் கடமை வீட்டுக்காரருக்குத் தொடங்குவதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள்.

"ஆறு மாத வாடகையை முன்னாலேயே கட்டிவிடுகிறேன்" என்று சொல்வதும் இதன் உறவுதான், ஆனால் அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டெபாசிட் என்றால் தனியாகக் கணக்குக் காட்டியாக வேண்டும். முன்வாடகை வீட்டுக்காரர் பணத்தோடு கலந்துவிடும். ஹீட்டர் கெட்டு மூன்று வாரம் ஆகியும் ஆள் வரவில்லை என்றால், உங்கள் குரலுக்கு இருக்கும் வலு அடுத்த மாத வாடகைதான். அதை முன்னாலேயே கொடுத்துவிட்டால் அந்த வலுவும் போச்சு.

பொருந்துபவர்: டெக்சாஸ் போல வரம்பு இல்லாத மாநிலத்தில், குறைந்தது மூன்று மாதச் செலவுக்கு மிச்சம் வைத்துவிட்டு டெபாசிட் கட்டக்கூடியவர். கடைசிக் காசு வரை டெபாசிட்டில் போட்டுவிட்டு முதல் சம்பளத்துக்குக் காத்திருப்பவருக்கு இது ஆகாது. அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் தாமதமானால் முதல் சம்பளமும் தள்ளிப்போகலாம்.

## கோசைனர்

அட்டவணையில் இதுதான் இலவசமாகத் தெரியும். எங்கள் கணிப்பில் இதுதான் விலை கூடியது.

கோசைனர் என்பவர் சாட்சி அல்ல. நீங்கள் கட்டாத ஒவ்வொரு டாலருக்கும் அவர் முழுப் பொறுப்பு. வேலை போய் நடுவில் லீஸை முறித்தாலும், மீதி வாடகைக்கு அவரைத் துரத்தலாம். லீஸில் கையெழுத்திட்டது மட்டும் அவருடைய கிரெடிட் பதிவில் ஏறாது. பாக்கி கலெக்‌ஷனுக்குப் போனால் ஏறும். அவர் அடுத்த வருடம் வீட்டுக்கடன் வாங்கக் காத்திருப்பவராக இருந்தால், இந்த உதவி அவருக்கு வீட்டையே கெடுக்கும். பெரியப்பா மகன், அம்மாவின் தோழி மகன் என்று உறவுக்காக மறுக்க முடியாமல் கையெழுத்துப் போடுபவர்கள் பலருக்கு இதெல்லாம் தெரிவதில்லை. கேட்பவர்தான் சொல்ல வேண்டும்.

கோசைனருக்கு இருக்க வேண்டிய வருமானமும் சின்னதல்ல. பொதுவாக வாடகைதாரரின் மாத வருமானம் வாடகையைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள். நியூயார்க் நகரத்தில் வழக்கம் வேறு: ஆண்டு வருமானம் மாத வாடகையின் 40 மடங்கு, கேரண்டர் (உங்களுக்காகப் பொறுப்பேற்பவர்) என்றால் 80 மடங்கு. 2,500 டாலர் வாடகைக்கு உங்களுக்கு ஒரு லட்சம், அவருக்கு இரண்டு லட்சம் டாலர் ஆண்டு வருமானம். இந்தியாவில் இருக்கும் அப்பாவின் வருமானத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். அமெரிக்காவில் வழக்குத் தொடர முடிகிறவர்தான் அவர்களுக்கு வேண்டும்.

கட்டாயம் பார்க்க வேண்டிய வரி ஒன்று: கேரண்டிப் பத்திரத்தில் "புதுப்பித்தல்களுக்கும் பொருந்தும்" என்று இருக்கிறதா? இருந்தால், மூன்று வருடம் கழித்து நீங்கள் மறந்துபோன கையெழுத்து அவரை இன்னும் கட்டிப்போட்டிருக்கும். "முதல் லீஸ் காலத்துக்கு மட்டும்" என்று மாற்றித் தரும்படி கேளுங்கள். பல இடங்களில் மாற்றித் தருவார்கள்.

பொருந்துபவர்: உடன்பிறந்தவரோ, வாழ்க்கைத் துணையோ, பெற்றோரோ அமெரிக்காவில் நிலையான வருமானத்தோடு இருக்கும் மாணவர். நண்பரைக் கேட்பதற்கு முன்னால் மற்ற ஐந்து வழிகளையும் முயன்று பாருங்கள்.

## கேரண்டி நிறுவனம்

கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்குக் கேரண்டராக நிற்கும் நிறுவனங்கள் இவை. இன்ஷூரன்ட், தி கேரண்டர்ஸ், லீப் ஆகியவை தெரிந்த பெயர்கள். அமெரிக்கக் கிரெடிட் இல்லாத வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். ஒரு மாத வாடகையை ஒட்டிப் போகலாம். பாஸ்போர்ட், விசா, ஐ-20 (மாணவருக்குக் கல்லூரி தரும் படிவம்) அல்லது ஆஃபர் லெட்டர், வங்கி இருப்பு ஆகியவற்றைக் காட்ட வேண்டியிருக்கும். எல்லாம் இணையத்திலேயே முடியும்.

இதில் பரவலான ஒரு தவறான புரிதல் உண்டு. காப்பீடு வாங்கியதாக நினைக்கிறார்கள். காப்பீடுதான், ஆனால் காப்பாற்றப்படுபவர் வீட்டுக்காரர். நீங்கள் வாடகை தவறினால் நிறுவனம் அவருக்குக் கட்டிவிட்டு, அதே தொகையை உங்களிடம் வசூலிக்க வரும். கட்டணமும் போய், கடனும் நிற்கும்.

பணம் கட்டுவதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்:

- இந்தக் கட்டடம் இந்த நிறுவனத்தை ஏற்கிறதா? எழுத்தில் பதில் வேண்டும்.
- லீஸைப் புதுப்பித்தால் மறுபடி கட்டணமா, எவ்வளவு?
- லீஸ் கையெழுத்தாகாமல் போனால் கட்டணம் திரும்புமா?
- வாடகைக்கு மட்டுமா, சேதத்துக்கும் சேர்த்தா?

இரண்டாவது கேள்வி ஏன் முக்கியம் என்றால், ஒரு வருடத்தில் உங்களுக்கு ஸ்கோர் வந்திருக்கும். புதுப்பிக்கும்போது "இப்போது என் கிரெடிட்டைப் பாருங்கள், கேரண்டி இல்லாமல் எழுதுங்கள்" என்று கேட்கலாம். கேட்காதவர் இரண்டாம் வருடமும் கட்டிக்கொண்டிருப்பார்.

"டெபாசிட் இல்லாமல் குடியேறலாம், மாதம் சில டாலர்தான்" என்று விற்கப்படும் திட்டங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். அது டெபாசிட் அல்ல, திரும்பாத கட்டணம். சேதத்துக்கான பொறுப்பும் உங்களிடமே இருக்கும். இரண்டு வருடம் தங்கப் போகிறவருக்கு உண்மையான டெபாசிட்டே நல்லது.

பொருந்துபவர்: நியூயார்க், பாஸ்டன் போன்ற இடங்களில், சம்பளம் இருந்தும் கிரெடிட் இல்லாமல், உறவினரும் இல்லாமல், இரண்டு வாரத்துக்குள் வீடு பிடித்தாக வேண்டியவர். அங்கே இந்தச் செலவை வீண் என்று நினைக்க வேண்டாம்; அந்தச் சட்டச் சூழலில் நுழைவுக்கான விலை அது.

## ரூம்மேட்டாகச் சேர்வது

புதிதாக வரும் மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள், அது சரியான தொடக்கமும்கூட. ஆனால் இதில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்துப் பாருங்கள்.

லீஸில் பெயர் ஏறிச் சேர்வது ஒரு வகை. அப்போது உங்களையும் சோதிப்பார்கள். பல இடங்களில் எல்லோருடைய வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பதால் தேறிவிடும். ஆனால் லீஸில் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். நால்வர் சேர்ந்து 2,800 டாலர் வீடு எடுத்தால் உங்கள் பங்கு 700 என்பது உங்களுக்குள் பேசிக்கொண்டது. வீட்டுக்காரருக்கு ஒவ்வொருவரும் 2,800. ஒருவர் வேலை கிடைத்து சியாட்டிலுக்குப் போய்விட்டால், அவர் பங்கை மற்ற மூவர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நால்வர் பெயரும் கெடும். யாராவது மாறும்போது வீட்டுக்காரர் கையெழுத்திட்ட திருத்தப் பத்திரம் வாங்காமல் விடாதீர்கள். வீட்டைவிட்டுப் போவதால் மட்டும் லீஸிலிருந்து பெயர் போய்விடாது.

லீஸில் இல்லாமல் சப்லெட்டாகத் தங்குவது இன்னொரு வகை. சோதனையே இல்லை, இன்றைக்கே போகலாம். ஆனால் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் என்றால் நீங்கள் அந்த வீட்டில் இல்லாதவர். ஓட்டுநர் உரிமத்துக்கு முகவரிச் சான்று வேண்டும்போது திண்டாடுவீர்கள். அடுத்த வீட்டுக்குப் போகும்போது "முந்தைய வீட்டுக்காரர் யார்?" என்ற கேள்விக்கும் பதில் இருக்காது. குறைந்தபட்சம் வாடகையைக் கையில் கொடுக்காமல், வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் ஸெல் சேவை மூலம், "ஆகஸ்ட் வாடகை" என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். ஆறு மாத வங்கி அறிக்கை பின்னால் ஓரளவு சான்றாகும். மின்சாரம் அல்லது இணைய இணைப்பு ஒன்றை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்வதும் உதவும்.

பொருந்துபவர்: முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை யாருக்கும். குடும்பத்தோடு வருபவருக்கு நடக்காது.

## தனி உரிமையாளரின் வீடு

பெரிய நிர்வாக நிறுவனங்களில் முடிவெடுப்பது மென்பொருள். 620, 650 என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். லீசிங் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் நல்லவராக இருந்தாலும் அதைத் தாண்ட அவருக்கு அதிகாரம் இல்லை. ஒரு வீட்டையோ ஒரு காண்டோவையோ (அடுக்குமாடியில் சொந்த வீடு) வைத்திருப்பவர் காகிதத்தையும் பார்ப்பார், ஆளையும் பார்ப்பார். அவருக்குக் கொடுக்க ஒரே கோப்பில் இவற்றைச் சேர்த்து வைத்திருங்கள்: சம்பளம் தெரியும் ஆஃபர் லெட்டர், வந்துவிட்டால் சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி அறிக்கை, விசா, மேலாளரின் தொடர்பு விவரம், ஊரில் வாடகைக்கு இருந்திருந்தால் அந்த வீட்டுக்காரரின் ஆங்கிலக் கடிதம், சிபில் அறிக்கை. சிபில் அறிக்கைக்கு அதிகாரப்பூர்வ மதிப்பு இல்லாவிட்டாலும், தனி உரிமையாளருக்கு அது ஒரு ஆறுதல்.

ஏமாற்று அதிகம் நடப்பதும் இங்கேதான். வாடகை அக்கம்பக்கத்தைவிட நானூறு ஐந்நூறு குறைவு, உரிமையாளர் வெளிநாட்டில், சாவி கூரியரில் வரும், டெபாசிட்டை மட்டும் இன்றைக்கே ஸெல்லில் அனுப்புங்கள்: இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நீங்களே அனுப்பிய ஸெல் பணம் திரும்ப வருவது அரிது. பல மாவட்டங்களின் சொத்துவரிப் பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முகவரியைப் போட்டால் உரிமையாளர் பெயர் வரும். லீஸில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். இன்னும் ஊரிலேயே இருந்தால், அங்கே தெரிந்த ஒருவர் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.

வாடகை குறைவாகத் தெரிந்தாலும், தண்ணீர், குப்பை, புல்வெட்டு, பனி அள்ளுவது யார் பொறுப்பு என்று லீஸில் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பொருந்துபவர்: குடும்பத்தோடு வருபவர், ஸ்கோர் கெட்டுப்போனதற்கு விளக்கமும் சான்றும் வைத்திருப்பவர், டெபாசிட் வரம்புள்ள மாநிலத்தில் கேரண்டிக் கட்டணம் கொடுக்க விரும்பாதவர்.

## தற்காலிகமாகத் தங்கி ஸ்கோர் கட்டுதல்

மாத வாடகையில் கிடைக்கும் மரச்சாமான் உள்ள வீட்டிலோ, நிறுவனம் கொடுக்கும் தங்கலிலோ இருந்துகொண்டு ஸ்கோரை உருவாக்கிய பின் சொந்தமாக லீஸ் எடுப்பது. தனியாகத் தங்கினால் மாதத்துக்குச் சில நூறு டாலர் கூடுதலாகப் போகும் என்பதால் தனி வழியாக இது விலை அதிகம். ரூம்மேட் வழியோடு சேர்த்தால் அருமையான திட்டம்.

முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும், ஏனென்றால் ஆறு மாதம் எண்ணத் தொடங்குவது கணக்கு திறந்த நாளிலிருந்து. 200 டாலரை ஈடாகக் கட்டி வாங்கும் செக்யூர்டு கார்டு, மாணவர் கார்டு, அல்லது அமெரிக்காவில் இருக்கும் வாழ்க்கைத் துணையின் பழைய கார்டில் ஆதரைஸ்டு யூசராக (கூடுதல் பயனராக) சேர்வது. மூன்றும் வேலை செய்யும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் நோவா கிரெடிட் என்ற சேவை வழியாக இந்தியக் கடன் வரலாற்றையும் பார்க்கிறது. சிபில் நன்றாக இருப்பவர் அங்கே முதலில் முயலலாம்.

பிறகு ஒரு நுட்பம். ஃபைகோவில் 35 சதவீதம் நேரத்துக்குக் கட்டுவதற்கு, 30 சதவீதம் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதற்கு. கார்டின் வரம்பு 500 டாலர். சோபா வாங்க 450 தேய்த்தீர்கள். கடைசித் தேதிக்கு முன் முழுதும் கட்டிவிட்டீர்கள், தவறே இல்லை. ஆனால் ஸ்டேட்மென்ட் மூடிய நாளில் 450 இருந்ததால், 90 சதவீதம் பயன்பாடு என்று பதிவாகி ஸ்கோர் சரிந்துவிடும். அந்த வாரத்தில் வீட்டுக்கு விண்ணப்பித்தால் நிராகரிப்பு. ஸ்டேட்மென்ட் மூடுவதற்கு மூன்று நாள் முன்னால் 420ஐக் கட்டி, 30 டாலரை மட்டும் விட்டுவைத்தால் 6 சதவீதம் என்று பதிவாகும். கட்ட வேண்டிய கடைசித் தேதி வேறு, ஸ்டேட்மென்ட் மூடும் தேதி வேறு. வீடு தேடும் இரண்டு மாதங்களில் இரண்டாவதைத்தான் காலண்டரில் குறிக்க வேண்டும்.

வாடகையையே கிரெடிட் பதிவில் ஏற்றவும் வழி உண்டு. சாதாரணமாக வாடகை அங்கே ஏறாது. கலிஃபோர்னியாவில் 2025 ஏப்ரல் முதல், 15 வீடுகளுக்கு மேல் உள்ள கட்டடங்கள் ஒழுங்காகக் கட்டிய வாடகையைப் பதிவு செய்யும் வசதியைத் தர வேண்டும். கட்டணம் மாதம் 10 டாலருக்கு மேல் போகக் கூடாது. ஃபைகோ 9 போன்ற புதிய கணக்குகள் இதை எடுத்துக்கொள்ளும், பரவலாக இருக்கும் ஃபைகோ 8 எடுத்துக்கொள்ளாது. காசு கொடுத்துச் செய்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

## எந்த வழியானாலும் விண்ணப்பத்துக்கு முன் இரண்டு சோதனை

பெயர். தந்தை பெயரை முதலெழுத்தாக வைக்கும் நமக்கு இது தனித் தலைவலி. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகவும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யு என்றும் வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. வங்கியில் "எஃப்என்யு முருகன்", கார்டில் "முருகன் எஸ்", லீஸ் விண்ணப்பத்தில் "எஸ் முருகன்" என்று மூன்று விதமாகப் போனால், கிரெடிட் பதிவே இரண்டு கோப்பாகப் பிளந்துவிடலாம். ஆறு மாதம் கட்டிய வரலாறு ஒரு கோப்பில் இருக்கும், வீட்டுக்காரர் திறப்பது இன்னொன்றாக இருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

பூட்டு. பாதுகாப்புக்காகக் கிரெடிட்டை ஃபிரீஸ் செய்திருந்தால் (மற்றவர் பார்க்க முடியாதபடி பூட்டியிருந்தால்) வீட்டுக்காரரால் திறக்க முடியாமல் போகலாம், "பதிவு இல்லை" என்று வரலாம். எந்த நிறுவனத்தில் பார்ப்பார்கள் என்று கேட்டு, அங்கே மட்டும் ஒரு வாரத்துக்குத் திறந்துவிடுங்கள். இணையத்தில் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும் என்பது சட்டம், கட்டணம் இல்லை.

விண்ணப்பங்களையும் சிதற விடாதீர்கள். சில இடங்களில் ஹார்ட் என்கொயரி போடுவார்கள், அதாவது உங்கள் பதிவைப் பார்த்ததே பதிவாகி ஸ்கோரைத் தொடும். அது இரண்டு ஆண்டு பதிவில் நிற்கும், புதிதாக வந்தவரின் மெல்லிய கோப்பில் நான்கைந்து சேர்ந்தால் தெரியும். நியூயார்க்கில் 30 நாளுக்குள் எடுத்த அறிக்கையை நீங்களே கொடுத்தால் சோதனைக் கட்டணம் வாங்கக் கூடாது. கொடுக்காவிட்டாலும் அது 20 டாலரைத் தாண்டக் கூடாது.

## நிராகரித்துவிட்டால்

கிரெடிட் அறிக்கையை வைத்து மறுத்தாலோ, அதை வைத்துக் கூடுதல் டெபாசிட் அல்லது கோசைனர் கேட்டாலோ, அதைத் தெரிவிக்கும் அறிவிப்பை வீட்டுக்காரர் தர வேண்டும் என்கிறது 1970ஆம் ஆண்டின் நியாயமான கிரெடிட் அறிக்கைச் சட்டம். எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று அதில் இருக்கும். 60 நாளுக்குள் கேட்டால் அந்த நிறுவனம் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் படியுங்கள். அடிக்கடி தென்படும் பிழைகள்: வேறொருவரின் பாக்கி உங்கள் பெயரில், கட்டி முடித்த கலெக்‌ஷன் இன்னும் பாக்கியாக, ஒரே பெயர் கொண்ட இன்னொருவரின் வெளியேற்ற வழக்கு. தவறு என்று எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துத் திருத்த வேண்டும். மூன்று நிறுவனங்களின் அறிக்கையையும் ஆன்யுவல்கிரெடிட்ரிப்போர்ட்.காம் தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம் என்பதால், இந்தப் பிழைகளை நிராகரிப்புக்குக் காத்திராமல் முன்னாலேயே பிடித்துவிடவும் முடியும்.

முப்பது நாள் காத்திருக்க நேரமில்லை என்றால், ஆட்சேபம் கொடுத்ததற்கான ஒப்புகையையும் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் சேர்த்து அதே லீசிங் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மறுபரிசீலனை கேளுங்கள். ஸ்கோர் இல்லை என்பதற்காக மட்டும் மறுத்திருந்தால் சட்டம் அனுமதிக்கும் டெபாசிட்டையும் அதே மின்னஞ்சலில் முன்வையுங்கள்: தொகை, கட்டும் தேதி இரண்டையும் எழுதி.